வளைவில் மெலிந்த குழாய்

பைப் வளைக்கும் மெஷின் பெங்களூர் ஆஸ்டின் டவுன் கடைக்கு வந்து இறங்கிய அன்று, மேஸ்திரி அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். காட்டி முடித்து என்னைப் பார்த்தார். "இனிமே மண்ணு வேலை கிடையாதுமே. பெருக்கறதுக்கு வேணா வா."

கார்களுக்குச் சைலன்சர் குழாய் செய்யும் கடை அது. அங்கே இருபது வருஷம் மணல் வறுத்தவள் நான். வளைக்கும்போது குழாய் உள்ளே ஒடுங்கிவிடாமல் இருக்க, வறுத்த மணலைத் தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு முனையிலும் கட்டை அடித்து, அப்புறம்தான் காய்ச்சி வளைப்போம். மணலில் துளி ஈரம் இருந்தாலும் சூட்டில் கட்டை பிய்த்துக்கொண்டு பறக்கும். நான் நிரப்பிய குழாயில் ஒருநாளும் பறந்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மேஸ்திரி பழைய கார்களில் கை தேர்ந்தவர். "பைப் கொஞ்சம் இறுக்கமா இருந்தாத்தான் வண்டி இழுக்கும்" என்பார். அந்தக் கார்களுக்கு அது சரியாகத்தான் வந்தது. டர்போ கார் வேறு. வெளியே போகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றும். அது என்ஜினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கும். சக்கரத்தைத் தாண்டிய புகை தடங்கல் இல்லாமல் போனால்தான் அது சட்டென்று சுற்றும். பத்துப் பேர் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் எனக்கும் புரியாதா?

ஒரு டாக்டர் தன் டர்போ காரில் புகை தாராளமாகப் போக மூன்று இஞ்ச் குழாய் கேட்டார். மெஷின் அரை நாளில் வளைத்துக் கொடுத்தது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். வித்தியாசமே தெரியவில்லை என்று கன்னடத்தில் குறைப்பட்டார். மேஸ்திரி குழாயின் வாயில் ஸ்கேலை வைத்து மூன்று இஞ்சைக் காட்டினார். டர்போ கெட்டுவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வாய்ல மூணு இருக்கு மேஸ்திரி. வளைவுல எவ்ளோ இருக்கு?"

"நீ பெருக்கற வேலையப் பாருமே."

வெல்டிங் பையன்கள் சிரித்தார்கள். நான் துடைப்பத்தைக் கீழே போட்டேன். "கழட்டிக் குடு. மண்ண ஊத்திப் பாத்துடலாம். நான் சொன்னது தப்புன்னா நாளையிலேர்ந்து பெருக்கவும் வரமாட்டேன்."

டாக்டர் கழற்றச் சொன்னார். வளைந்த குழாயை நூல் பிடித்து அளந்து, அதே நீளத்தில் நேர்க்குழாய் ஒன்றை வெட்டினார்கள். நேர்க்குழாய் ஏழு சொம்பு மணல் குடித்தது. வளைந்ததில் ஆறரைகூட ஏறவில்லை. நான்கு வளைவையும் மெஷின் நசுக்கியிருந்தது. வெல்டிங் பையன்களின் சிரிப்பு நின்றுபோயிற்று.

மேஸ்திரி டாக்டர் பக்கம் குனிந்து, இந்தம்மாதான் கண்டுபிடித்தாள் என்று கன்னடத்தில் முணுமுணுத்தார். என்னிடம், "போய் மண்ண வறு" என்றார்.

"டாக்டருக்குச் சொல்லிட்ட. இவனுங்களுக்குத் தமிழ்ல சொல்லு. சத்தமா. அப்புறம் அடுப்பு பத்த வைக்கிறேன்."

அவர் முகம் கறுத்தது. ஆனால் சொன்னார். நான் மணல் வறுத்தேன். புதுக் குழாயோடு போன டாக்டர், டர்போ வாங்கவே இல்லை.

மேஸ்திரி இப்போது இல்லை. அவர் மகன் குழாயை ஒடுக்காமல் வளைக்கிற பெரிய மெஷின் போட்டிருக்கிறான். போய்ப் பார்த்தேன், நல்ல மெஷின். ஆனால் வருகிறவர்களிடம், "வளைவுல நசுங்குறத அந்தக் காலத்துலயே எங்கப்பா கண்டுபிடிச்சாரு" என்று சொல்கிறான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இதை எழுத நான்கு நாள் ஆயிற்று. ஆகட்டும். கண்டுபிடித்தது நான்.