நாலு சிறகுக் கிளி

ராஜபாளையத்தில் எங்கள் எதிர்வீட்டுத் தனுஷ்கோடியைத் திருவிழாவுக்கு சீரியல் லைட் போடப் பிடிக்க வேண்டுமானால் இன்று பல மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். எண்பத்தேழில் மனுஷன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பஞ்சாலை வேலையை உதறிவிட்டு வந்திருந்தார். தெருவே சிரித்தது.

முதல் ஆர்டர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. ஆடிப்பூரத்துக்குக் கடை வாசலில் வைக்க ஆண்டாள் பல்புப் பலகை வேண்டும், அவள் கையிலுள்ள கிளி சிறகடிக்க வேண்டும் என்றார் பாத்திரக்கடை ஆராவமுதன். கிளி பறந்தால் பிழைப்பு உண்டு. இல்லாவிட்டால் மறுபடி மில்தான்.

சிறகடிக்க வைப்பது இரண்டு டிரான்சிஸ்டர்கள். மனைவி வெள்ளைத்தாயிடம் அதை அவர் உலக்கை வைத்து விளக்கினார். ஒரே உரலில் இரண்டு பேர் குத்தினால் ஒன்று இறங்கும்போது மற்றது மேலே நிற்க வேண்டுமல்லவா? அப்படித்தான் ஒரு டிரான்சிஸ்டர் வேலை செய்யும்போது மற்றதை அடக்கிவைக்கும். நடுவிலுள்ள கண்டன்சரில் மின்சாரம் மெல்ல ஏறியதும் முறை மாறும். ஒன்று தூக்கிய இரண்டு சிறகின் பல்புகளை எரிய வைக்கும், மற்றது மடக்கிய இரண்டின் பல்புகளை.

தனுஷ்கோடிக்கு எதிலும் கச்சிதம் வேண்டும். இரண்டு பக்கமும் அச்சு பிசகாமல் இருக்க, ஒவ்வொரு உறுப்பையும் மீட்டரில் அளந்து ஜோடி சேர்த்தார்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுப் பொருத்தம் பாக்கலையே" என்றாள் வெள்ளைத்தாய்.

வீட்டில் பேட்டரியில் மாட்டியதும் கிளி ஜோராகப் பறந்தது.

தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் கடை வாசலில் நல்ல கூட்டம். பேட்டரிக்குப் பதில் கரண்டில் ஓட்ட டிரான்ஸ்பார்மரும் ஒரு பெரிய கண்டன்சரும் சேர்த்திருந்தார். சுவிட்சைப் போட்டார். எல்லாச் சிறகும் ஒன்றாக எரிந்து அப்படியே நின்றன.

"என்ன ஓய், நாச்சியார் கையில நாலு றெக்கைக் கிளியா?" என்றார் ஆராவமுதன். "அணைச்சுடும். அடுத்த வருஷம் மதுரையில சொல்லிக்கறேன்."

அணைத்துப் போட்டாலும் அதே கதைதான். தனுஷ்கோடிக்கு அழுகை வந்துவிட்டது. மில் சங்கு காதுக்குள் ஊதியது.

கூட வந்திருந்த வெள்ளைத்தாய் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ரெண்டும் ஒண்ணாக் குத்துதே. ஒரு உலக்கையைச் செத்த நேரம் பிடிச்சு நிறுத்துங்க, பொறவு முறை வந்துரும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. பேட்டரியில் மின்சாரம் சட்டென்று பாய, ஏதோ ஒரு பக்கம் முந்திக்கொண்டது. இங்கே பெரிய கண்டன்சரால் மெல்ல மெல்ல ஏறியதில், சரிசமமான இரண்டும் சேர்ந்தே விழித்துக்கொண்டன. ஒன்றை ஒன்று அடக்க வழியில்லை.

"ஏட்டி, அந்தக் கொண்டை ஊசியக் குடு."

ஊசியால் ஒரு டிரான்சிஸ்டரின் இரண்டு கால்களைச் சேர்த்துத் தொட்டார். அந்தப் பக்கம் அணைந்தது. ஊசியை எடுத்ததும் கிளி சிறகடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அடுத்த வருஷம் யானையும் தும்பிக்கையை ஆட்டணும் ஓய்" என்றார் ஆராவமுதன்.

அதன்பிறகு எல்லாப் பலகையிலும், ஒரு பக்கத்தை நிறுத்திவிட ஒரு பொத்தான் வைத்துவிட்டார். ஊசிக்கு வேலையே இல்லை. ஆனாலும் எந்தத் திருவிழாவிலும் சுவிட்சைப் போடுமுன் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார். வெள்ளைத்தாய் தெருவென்றும் பாராமல் கொண்டையை அவிழ்த்து, திட்டிக்கொண்டே ஊசியைக் கொடுப்பாள். பலகை நன்றாக ஓடிய பிறகுதான் அதைத் திருப்பிக் கொடுப்பார்.