வாளியில் மிதந்த பொம்மைகள்

பிள்ளைகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் சோளக்காடு என்ற மலையூரில் மிளகு வாங்கி விற்கும் கடை வைத்திருந்தேன். யார் மிளகு கொண்டுவந்தாலும் ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் போடுவேன். மூழ்கினால் நல்லது, மிதந்தால் பதர்.

என் மூத்த மகளுக்கு அப்போது பத்து வயது. டிவியில் வரும் வீரர்களின் பிளாஸ்டிக் பொம்மைகளைச் சேர்ப்பாள். கை மடங்குகிறதா, கழுத்து திரும்புகிறதா என்று பார்த்து நோட்டில் மார்க் போடுவாள். கை உடைந்த ஒன்றைப் பலாப்பால் தடவி அவளே ஒட்டியிருந்தாள். அதற்குத்தான் நூற்றுக்கு நூறு.

ஒருநாள் ஒன்பது பொம்மைகளையும் கடைக்குக் கொண்டுவந்தாள். “அப்பா, நீங்களும் மார்க் போடுங்க” என்றாள்.

“போட்டுட்டாப் போச்சு சாமி” என்று எல்லாவற்றையும் வாளியில் கொட்டினேன். ஒன்றுகூட மூழ்கவில்லை.

“ஏனுங்க, அத்தனையும் பதருங்களா?” என்று மிளகு விற்க வந்த ஒருவர் கேட்க, கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. வாசலில் எரிந்த குப்பையில் ஒன்பதையும் வீசினேன். ஒட்டிய கைதான் முதலில் கழன்றது. அவள் அழவில்லை.

அடுத்த வாரம் வீட்டில் என் சின்ன மகள் தன்னுடைய ஒரே பொம்மையை நீட்டி, “அக்கா, இதுக்கு எத்தன மார்க்கு?” என்று கேட்டாள். பெரியவள் அதை வாளியில் போட்டாள். மிதந்தது.

“பதரு கண்ணு” என்று சிரித்துக்கொண்டே அடுப்பில் போட்டாள்.

சின்னவள் கதறினாள். பெரியவளை அடிக்கக் கை ஓங்கினேன். அவள் நகராமல் என்னைப் பார்த்து, “செரியாத்தானுங்கப்பா பாத்தேன்?” என்றாள்.

கை இறங்கிவிட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.