கிளட்ச் இல்லாத வண்டியும் என் இரண்டு கால்களும்

நான் பெரிய தைரியசாலி என்று கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பேச்சு இருந்தது. கிளப்பிவிட்டதே நான்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். லாரி எதிரே வந்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடுகிறவர்கள், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்கள், இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. என் வீரம் மொத்தமும் அந்த இரண்டு இரும்புக் கட்டைகளில்தான் இருந்தது.

இரண்டாயிரத்து நாலில் என் அக்காவே என்னிடம் கற்றுக்கொள்ள வந்தாள். மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவள் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். கிளட்சில்தான் தகராறு. அவள் காலை எடுத்தால் வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து நின்றுவிடும்.

"பாதி விடுக்கா, பாதி!"

"பாதின்னா எவ்ளோடா?"

"அது மனசுக்குத் தெரியணும்."

"மனசுக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல."

டெஸ்ட் அன்று மைதானம் லேசாகச் சரிந்திருந்தது. வண்டி தானாகவே நகர்ந்து அவளைப் பாஸாக்கியது. லைசென்ஸை பீரோவில் வைத்துப் பூட்டியதோடு சரி. 'எங்க அக்காவுக்கும் கிளட்சுக்கும் பத்துல ஒரு பொருத்தம்கூட இல்ல' என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பேன். அவளும் சிரிப்பாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் கம்மியாக.

பிறகு அவளும் சிங்கப்பூர் போனாள். சில வருஷம் கழித்து மாமா ஊரோடு வந்துவிடுவதென்று முடிவு செய்து, ஒரு வண்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும் என்றார். முத்து நிறத்தில், கோயில் யானை உட்கார்ந்த உயரம். அதற்குள் ஏறினால் தோல் சீட் வாசனையில் நமக்கே நம் சட்டை பிடிக்காமல் போகும். என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு மாமா உபன்யாசம் செய்தார்.

"முன்னாடி ஆறு சிலிண்டர் இன்ஜின் மச்சான். அது கூடவே ஒரு மோட்டார். பின் சக்கரத்துக்குத் தனியா இன்னொரு மோட்டார். பின் சீட்டுக்குக் கீழ பெரிய பேட்டரி. யாரு எப்ப இழுக்கணும், யாரு எப்ப சும்மா இருக்கணும்னு உள்ள ஒரு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும்."

"நாம என்ன பண்ணணும் மாமா?"

"நீ சும்மா இருக்கணும். அதான் கஷ்டம்."

எனக்குப் புரிந்த அளவில், அது நாதஸ்வரமும் தவிலும் மாதிரி. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும்போது தவில் மட்டும் பேசும். உச்சத்துக்குப் போகும்போது இரண்டும் சேர்ந்து பந்தலைத் தூக்கும். பிரேக் மிதித்தால் வீணாகிற வேகம் கரண்டாகத் திரும்பி பேட்டரிக்குப் போகும் என்றார் மாமா. இருபது வருஷமாக நான் மிதித்த பிரேக்கையெல்லாம் சேர்த்திருந்தால் கடலூருக்கே விளக்கு எரிந்திருக்கும்.

ஒரு மாதம் ஓட்டியிருப்பார். பழைய கம்பெனி இன்னும் கொஞ்ச நாள் வந்து போ என்று கூப்பிட்டது. சிதம்பரத்தில் அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதால், வண்டி என் ஷெட்டுக்கு வந்தது. மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வாரத்துக்கு ஒரு தடவ பிரேக்க மிதிச்சிக்கிட்டு இந்தப் பொத்தான அழுத்து. அரை மணி நேரம் அப்பிடியே விட்டுடு. தூங்க விட்டுடாத."

முதல் ஞாயிற்றுக்கிழமை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. ஏதோ பச்சையாக ஒரு எழுத்து எரிந்தது. காதை டாஷ்போர்டில் வைத்துக் கேட்டேன். கோயில் கருவறை மாதிரி இருந்தது. செத்துப்போச்சு, மாமா போன ஒரே வாரத்தில் கொன்றுவிட்டேன் என்று இறங்கி, பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். அந்த நேரம் பார்த்து, யாரும் தொடாமல், இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆயிற்று.

நான் தெருமுனை டீக்கடையில் போய்த்தான் நின்றேன். ஒரு செருப்பு ஷெட்டில் கிடந்தது. டீக்கடைக்காரரிடம் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ என்று ரொம்ப நிதானமாகச் சொன்னேன்.

திரும்பிப் போய்க் கையை மட்டும் உள்ளே நீட்டிப் பொத்தானை அழுத்தி அணைத்ததோடு சரி, அதற்குப் பிறகு நான் அந்த வண்டியைத் தொடவில்லை. மாமா ஃபோன் செய்யும்போதெல்லாம் "சூப்பரா ஓடுது மாமா" என்பேன். ஏழு மாதம் ஓடியது, என் பொய்.

மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டு, வருஷக்கணக்கில் ரயிலே இல்லாமல் கிடந்த எங்கள் லைனில் மறுபடி ரயில் வந்திருந்த சமயம். அக்கா ஃபோன் செய்தாள். ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸியில் வந்துகொண்டிருக்கிறோம் என்றாள். குரல் சரியில்லை. "மாமாவுக்கு வாதம் மாதிரி வந்து, வலது காலு இழுத்துக்கிச்சுடா. உனக்குச் சொல்ல வேணாம்னாரு, நீ பயப்படுவேன்னு. இப்ப நேரா சிதம்பரம் போக மாட்டேங்கறாரு. நான் வீட்டுக்குப் போனா என் வண்டியிலதான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு." அவள் சொன்னது அவளுக்கே உறைத்து ஃபோனை வைத்துவிட்டாள்.

ஷெட்டுக்கு ஓடினேன். சாவியை நீட்டினால் வழக்கமாக விளக்கெல்லாம் சிமிட்டி வரவேற்கும் வண்டி, என்னை யாரென்றே தெரியாத மாதிரி நின்றது. ஏழு மாதத் தூக்கம்.

மாமா கைத்தடியோடு டாக்ஸியிலிருந்து இறங்கினார். மெலிந்திருந்தார். ஷெட் வாசலில் நாற்காலி போட்டேன். என் முகத்தைப் பார்த்தார், பிறகு வண்டி மேலிருந்த தூசியைப் பார்த்தார்.

"எத்தன வாரமா எழுப்பல?"

"நேத்துகூட..."

"மச்சான்."

"மொத வாரத்திலேர்ந்து மாமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப இன்னிக்கி டாக்ஸிதானா?" என்று மட்டும் அக்காவைக் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு வியர்த்த வியர்வையில் வண்டியைக் கழுவியிருக்கலாம். மெட்ராஸிலிருந்து கிரேன், லாரி, கம்பெனி ஆள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் உளறினேன்.

மாமா கைத்தடியால் தரையைத் தட்டினார். "கிரேன் எதுக்கு? பெரிய பேட்டரி செத்திருக்காது. அத எழுப்பறதுக்கு ஒரு சின்ன பேட்டரி இருக்கு, சாதா பேட்டரி, அதுதான் செத்திருக்கும். கம்ப்யூட்டர் கண்ணத் தொறக்கற அளவுக்கு கரண்டு குடுத்தாப் போதும். உன் தகர டப்பாவ எடுத்துட்டு வா."

சாவிக்கு உள்ளே ஒளிந்திருந்த ஒரு குட்டிச் சாவியால் கதவைத் திறந்து, எல் போர்டு மாட்டிய என் வண்டியை யானைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்பு எங்கே என்று மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒயரைச் சொல்லிக்கொடுத்தார். என் வண்டி இருமிக்கொண்டே உறும, எதிரே ஒவ்வொரு விளக்காகக் கண் விழித்தது. இருநூற்றுச் சொச்சம் குதிரை சக்தியை எழுப்பிவிட்டது, அக்கா தவளையாகக் குதிக்க வைத்த அதே டப்பா. அக்கா டப்பாவின் பானெட்டைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். மாமா பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டார், அக்கா அவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டாள். தெருவைத் தாண்டுவதற்குள் என் இடது கால் மூன்று தடவை கிளட்சைத் தேடிப் போய், அங்கே இருந்த அகலமான பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தது. மூன்று தடவையும் கைத்தடி பறந்து முன்னால் வந்தது.

"இடது கால மடக்கி சீட்டுக்குக் கீழ வெச்சுக்கடா!" என்றாள் அக்கா. நான் மாணவர்களிடம் பேசுகிற அதே குரல்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டில் நின்றால் இன்ஜினை அணைப்பது நம் ஊர் வழக்கம். இந்த வண்டி தானாகவே அணைத்துக்கொள்ளும் என்பது தெரிந்தும் கை கேட்கவில்லை, பொத்தானை அழுத்தி அணைத்தேன். புது ரயில் போயிற்று. கேட் ஏறியது. பொத்தானை அழுத்தினேன், ரேடியோவில் நாதஸ்வரம் வந்தது. மறுபடி அழுத்தினேன்; முகத்தில் காற்று அடித்தது. மூன்றாவது தடவை எல்லாம் அணைந்தது. பின்னால் பஸ், டெம்போ, மீன் கூடை கட்டிய மொபெட் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. "வண்டி கோச்சுக்கிச்சி மாமா! தள்ளணும்! யாராவது தள்ளுங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். டெம்போவிலிருந்து இரண்டு பேர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கியே விட்டார்கள்.

"எறங்கு," என்றாள் அக்கா.

"நீ எங்க போற?"

"எறங்குடான்னா."

அவள் சுற்றிவந்து உட்கார்ந்தாள். வலது காலால் பிரேக்கை மிதித்தாள், பொத்தானை ஒரே தடவை அழுத்தினாள். தள்ள வந்தவர்கள் கை வைப்பதற்குள் யானை சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது. நான் ஓடிவந்து முன் சீட்டில் இடது பக்கம் ஏறினேன்.

"உனக்கு எப்பிடிக்கா?"

"மாமா இங்க இருந்த ஒரு மாசமும் சிதம்பரம் பைபாஸ் ரோட்டுல நான்தான் ஓட்டுனேன். உன்கிட்டச் சொன்னா கல்யாண வீட்ல சொல்லுவ."

பின்னாலிருந்து மாமா சொன்னார்: "கிளட்ச் இல்லாத வண்டியா தேடித்தான் வாங்குனேன் மச்சான். அவளுக்கு எது தெரியலன்னு நெனச்சியோ, அது இந்த வண்டியில கெடையவே கெடையாது."

மெல்லுவதற்கு வெற்றிலையாவது இருக்கிறதா என்று சட்டைப் பையைத் துழாவினேன். அன்று அதுவும் இல்லை.

முதுநகர் தாண்டி சவுக்குத் தோப்புகள் வந்தன. ஒரு பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. "வேணாங்க்கா, பின்னாலயே போ," என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் மிதித்தாள். இன்ஜின், முன் மோட்டார், பின் மோட்டார் மூன்றும் ஒரே நேரத்தில் கச்சேரியில் இறங்கின. கியர் மாறுகிற இடைவெளி இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. முதுகை யாரோ சீட்டோடு சேர்த்துத் தைத்த மாதிரி இருந்தது. பஸ் எப்போது பின்னால் போனது என்று தெரியாது, நான் கண்ணை மூடியிருந்தேன். மாமா மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். டாக்ஸியை விட்டு இறங்கியதிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளாற்றுப் பாலத்திலிருந்து இறங்கும்போது அக்கா காலை எடுத்தாள். நடுவிலிருந்த திரையில் அம்புக்குறிகள் திசை மாறி, சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓடின. மாமா இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கும்போதும் என்னமோ ஏறுது பாரு," என்றார்.

அக்கா ரோட்டையே பார்த்து ஓட்டினாள். காதுக்குப் பக்கத்தில் முடியை ஒதுக்குகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிதம்பரத்தில் அவர்கள் தெருவில் நுழைந்தபோது வண்டி வெறும் கரண்டில் போய்க்கொண்டிருந்தது. ஏழு மாதம் கழித்து மாமா சொந்த வண்டியில் வருகிறார், தெருவே எட்டிப் பார்க்கும் என்று நினைத்தேன். சத்தம் கேட்டால்தானே எட்டிப் பார்க்க? வாசலில் படுத்திருந்த மாடுகூட, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி யானை வந்து நின்ற பிறகுதான் காதை ஆட்டியது. ஸ்டீயரிங் பக்கம் எட்டி ஹாரன் அடிக்கப் போன என் கையை மாமா தடியால் தட்டினார். "வேணாம். மெதுவா எந்திரிக்கட்டும்."

மாடு எழுந்து போயிற்று. அக்கா வீட்டு வாசலில் ஒட்டி நிறுத்தினாள். பூட்டிய கதவு, அதில் தொங்கிய பழைய மாவிலைத் தோரணக் கயிறு. வண்டி அணைந்துவிட்டதா, இன்னும் ஓடுகிறதா என்று சொல்ல முடியாத அமைதி. மூன்று பேருமே இறங்கவில்லை. மாமா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து என் தோளைத் தடியால் தொட்டார்.

"மச்சான், வந்துட்டோம். கால எடு."

குனிந்து பார்த்தேன். என் இடது கால், இல்லாத கிளட்சையும், வலது கால், இல்லாத பிரேக்கையும் மிதித்தபடியே இருந்தன. கேட்டிலிருந்து சிதம்பரம் வரை அப்படித்தான் மிதித்திருக்க வேண்டும், கெண்டைக்கால் இரண்டும் கல்லாகக் கிடந்தன. அக்கா இறங்கி அந்தப் பக்கம் மாமாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் வந்து எனக்கும் கையை நீட்டினாள்.

"பாதி பாதியா விடுடா," என்றாள்.