நமத்துப்போன வெடிமருந்து

செய்தி வந்தபோது கடல் வற்றிக்கொண்டிருந்தது. காலைச் சாப்பாட்டுக்குக் கிழங்கை வைத்து மண்ணால் மூடிய குழி அடுப்பை இன்னும் யாரும் திறக்கவில்லை. பரேஹூயா சதுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, நாரிலையைத் தொடைமேல் போட்டுச் சிப்பி ஓட்டால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மூன்று நாளைக்கு முன் ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டிப் போனவை ஏழு வள்ளங்கள். திரும்பி வந்தது ஒன்று. துடுப்புப் போட்டவர்கள் பாடவில்லை.

"என்னய்யா, சத்தத்தையே காணோம்? எல்லார் தொண்டையிலயும் மீன் முள்ளு மாட்டிக்கிச்சா?" என்று பக்கத்தில் இருந்த மாகேரே கூவினாள். அவள் பரேஹூயாவின் சித்தப்பா மகள். எதற்கும் வாயை அடக்கத் தெரியாதவள்.

வள்ளத்திலிருந்து சேற்றில் இறங்கி வந்தவன் பரேஹூயாவின் கணவன் நுகுதாய். அவன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணன் எங்க?" என்று அவள் கேட்டாள்.

"வள்ளத்துல படுத்திருக்கார்."

"காயமா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். மாகேரே கையிலிருந்த சிப்பி ஓட்டைக் கீழே போட்டாள்.

"முனையில வடக்கத்தியானுங்க எறங்கிட்டானுங்க. உங்கண்ணன் ஒரு தடவை சுட்டார். அவனுங்க பெரியாளு ஒருத்தன் விழுந்தான். மறுபடி குழாய்ல மருந்தைக் கொட்டிக் கம்பியால இடிச்சிக்கிட்டிருக்கார், அதுக்குள்ள... அவனுங்க வரிசையா நிக்கிறானுங்க புள்ள. ஒரு வரிசை சுட்டுட்டுக் குனியுது, பின்னாடி இருக்கிற வரிசை சுடுது. நமக்குக் கம்பிய உருவவே நேரமில்ல."

"எத்தனை துப்பாக்கி?"

"புகைதான் தெரிஞ்சுது."

"இங்க எப்ப வருவானுங்க?"

"செத்தவனுக்கு அழுது முடிக்கணும்ல. மூணு நாள். மிஞ்சினா நாலு."

ஊர்த் தலைவனான அண்ணன் தாரேவாவின் உடலை ஆறு பேர் தூக்கி வந்தார்கள். மார்பின்மேல் ஊரின் ஒரே துப்பாக்கி கிடந்தது. அதன் குதிரையில் அவன் ரத்தம் காய்ந்திருந்தது.

பரேஹூயா பிறந்தது மலைமேல் இருந்த கோட்டையில். காற்றும் வெயிலும் தாராளமாக அடிக்கும் இடம். அவளுக்கு இருபத்தைந்து வயதானபோது வடக்கத்தியார் துப்பாக்கியோடு முதன்முதலாக வந்து அடுத்த ஊரை அழித்துவிட்டுப் போனார்கள். நமக்கும் ஒன்று வேண்டும் என்றான் தாரேவா. துப்பாக்கி விற்க வந்த கப்பல்காரன் விலையாக நார் கேட்டான். ஊரே மலையை விட்டுச் சதுப்புக்கு இறங்கியது, நாரிலை வளர்வது அங்கேதான். இரண்டு கோடையும் அவற்றுக்கு நடுவே ஒரு குளிர்காலமும், ஈரத்திலேயே படுத்து ஈரத்திலேயே எழுந்து, பெண்கள் சுரண்டினார்கள். வள்ளிக்கிழங்குத் தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை. பரேஹூயாவின் வலது கட்டைவிரல் பிளந்து, ஆறி, மறுபடி பிளந்தது. அந்தக் குளிர்காலத்தில் நான்கு வயது மகள் ஹினேமாரு இருமத் தொடங்கினாள். வசந்தம் வரும்வரைகூடத் தாங்கவில்லை. நார்க்குவியல் குடிசை உயரத்துக்கு எழும்பிய பிறகு கப்பல்காரன் ஒரு துப்பாக்கியையும் ஒரு சிறு பீப்பாய் மருந்தையும் கொடுத்தான்.

தாரேவா அதை முதலில் தங்கையின் கையில்தான் வைத்தான். "இது உன் மக, பரே," என்றான். அதன்பின் அந்தத் துப்பாக்கியை வேறு எந்தப் பெயராலும் அவளால் நினைக்க முடியவில்லை.

இப்போது அது தலைவனின் ரத்தம் பட்ட பொருள். தபு, தொடக் கூடாத தீட்டு. உயிரோடு இருப்பவன் தொட்டால் வயிறு வீங்கிச் சாவான். அண்ணனோடு குகைக்குப் போக வேண்டியது அது. சடங்குகளைச் செய்யும் மாமா தே ஆஹு அதைச் சொல்லக்கூட இல்லை. சொல்லத் தேவையில்லாத விஷயம்.

அழுகையின் நடுவே பரேஹூயா எழுந்து நின்றாள்.

"மாமா, அது போகக் கூடாது."

"என்னம்மா பேசுற?"

"தபுவை எடுக்க என்னால முடியும். இந்த வீட்டு மூத்த பொண்ணு நான்தான்."

"முடியும். ஆனா உங்கண்ணன் ரத்தத்தை நீயே சாதாரணமாக்குற. சமையலுக்குச் சமமாக்குற. தெரிஞ்சுதான் செய்றியா?"

"தெரிஞ்சுதான்."

சமைத்த உணவு தபுவைப் போக்கும். வெந்த வள்ளிக்கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தே ஆஹு மந்திரத்தை முணுமுணுக்க, அவள் அதைத் துப்பாக்கியின் மேலாக நீட்டி எடுத்து, அண்ணனின் முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து தின்றாள். ஆண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கிழங்கு இனிப்பாகவே இருந்தது. அதுதான் அவளால் பொறுக்க முடியாததாக இருந்தது.

நுகுதாய் துப்பாக்கியை எடுத்து மருந்திட்டு, வேலிக் கம்பத்தைக் குறிபார்த்து விசையை இழுத்தான். கல்லில் பொறி பறந்தது. விசைக்கு மேலே கிண்ணியில் இருந்த மருந்து 'சுர்' என்று புகைந்து அடங்கியது. மறுபடி முயன்றான். அதே 'சுர்'.

"கிழங்கைத் தின்னு அது வாயையும் சேர்த்து அடைச்சுட்டா," என்றாள் மாகேரே. யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. தலைவனோடு துப்பாக்கியின் உயிரும் போய்விட்டது, அதைப் போக்கியவள் தங்கை என்று ஊர் முழுக்க முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

நுகுதாய் பீப்பாய்க்குள் கையை விட்டுப் பார்த்தான். தாரேவா நல்லதை மருந்துக் கொம்பில் நிரப்பிக்கொண்டு போயிருந்தான். மீதி வாங்கிய நாளிலிருந்து சதுப்பின் குடிசையில் கிடந்து, ஈர மண்போலக் கட்டி கட்டியாகியிருந்தது.

"மருந்துதான்யா நமத்துக் கெடக்கு! துப்பாக்கிமேல குத்தமில்ல," என்று கத்தினான்.

"காய வெச்சுச் சுட்டுக் காட்டு," என்றார் தே ஆஹு. "மூணாம் நாள் சாயங்காலம் உடம்பு கெளம்பும். அதுக்குள்ள பேசிச்சுன்னா இங்க இருக்கட்டும். பேசலன்னா அவனோட போகட்டும்." அதுவரைக்கும் துப்பாக்கி பழையபடி தாரேவாவின் பக்கத்தில் வைக்கப்பட்டது.

நெருப்புக்கு அருகில் மருந்தைக் கொண்டுபோக முடியாது. வெயில்தான் வேண்டும். இரண்டு நாளும் தூறல். பரேஹூயா அழுவதற்கு வந்தவர்களின் நடுவே உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்காகத்தான் கண் கலங்கியிருக்கிறாள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மேகம் விலகியது. அவள் பாயை விரித்து, வேலித் தூணுக்கு அப்பால் மேடான இடத்தில் மருந்தைப் பரப்பி, மரக்குச்சியால் கட்டிகளை உடைக்கத் தொடங்கினாள். விரல்கள் கறுத்தன. ஓரத்தில் பரப்பியது மெல்ல உதிரியாகி வந்தது.

நடுப்பகலுக்கு முன்பே காவல் மேட்டிலிருந்து சங்கு ஊதியது. முனையைச் சுற்றி வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. நாற்பதுக்கு மேல்.

அந்த நேரத்தில் ஆண்கள் வேலிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தாரேவாவின் முகம் முழுக்கப் பச்சை குத்தின முகம். அது கையில் கிடைத்தால் வடக்கத்தியார் தலையை வெட்டிப் புகையில் உலர்த்திக் கப்பல்காரனிடம் கொடுப்பார்கள். அவன் அதற்கு ஒரு துப்பாக்கி கொடுப்பான். அந்தத் துப்பாக்கி அடுத்த ஊருக்கு வரும்.

"தூக்குங்கடா! தலைவன் தலை அவனுங்க கையில போகக் கூடாது!" என்றார் தே ஆஹு.

வலுவானவர்கள் பன்னிரண்டு பேர் பாடையைச் சுற்றிக் கூடினார்கள். துப்பாக்கி உடலோடு சேர்த்துக் கட்டப்பட்டது. நுகுதாய் முடிச்சில் கைவைத்தபடி மனைவியைப் பார்த்தான்.

"என்ன செய்யட்டும்? அவிழ்க்கவா?"

அவள் பாயைப் பார்த்தாள். பாதிகூடக் காயவில்லை.

"வேணாம். நீயும் தோள் குடு. மலையேத்தம், ஆள் பத்தாது."

"அப்ப வேலிய யாரு பாக்கிறது?"

"போங்க. அண்ணன் தலை முக்கியம்."

அவன் போனான். பன்னிரண்டு பேரும் குகையை மூடிவிட்டு இறங்கி வந்தபோது வடக்கத்தியார் வேலிக் கதவைத் தாண்டி உள்ளே வந்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பரேஹூயா அதன்பின் பதினோரு வருஷம் வடக்கே அடிமையாக இருந்து, அவர்களின் துப்பாக்கிகளுக்காக நார் சுரண்டினாள். கணவன் விழுந்த இடம் எது என்று கடைசிவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று பாடை மலை வளைவில் மறைந்ததும் அவள் மறுபடி பாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுடுவதற்கு இனித் துப்பாக்கி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எந்திரிடி பரே! காட்டுக்கு ஓடலாம்!" என்று மாகேரே கையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தா, இது முடிஞ்சிரும்."

முதல் வெடிச்சத்தம் கேட்டபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பாயில் முக்கால் பங்கு மருந்து உலர்ந்து, தூளாகி, பறக்கும் பதத்துக்கு வந்திருந்தது. கடல் பக்கத்து மூலையில் இருந்த கட்டிகள் உடைக்கப்படவில்லை.