அவளுக்காக நான் எழுதிய இரண்டு விண்ணப்பங்கள்

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. கல்முனைக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் பாடசாலையில் நான் வர்த்தகப் பாடம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடசாலையின் பாதிக் கட்டடத்தைக் கடல் கொண்டுபோயிருந்தது. மிச்சப் பாதியில் காலையில் நாங்களும் பின்னேரம் இன்னொரு பாடசாலையும் நடத்தினோம். அந்த நேரத்தில்தான் கொழும்பில் மூன்று நாள் செயலமர்வு ஒன்று வைத்து, என்னைத் தொழில் வழிகாட்டல் ஆசிரியை ஆக்கி ஊருக்கு அனுப்பினார்கள். மூன்றே மூன்று நாள். அதற்குள் எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. எனக்கு ஏற்கனவே வாய் நீளம், இப்போது அதற்கொரு பதவியும் கிடைத்துவிட்டது.

கையில் தடித்த கோப்பு ஒன்று. சுவரில் ஒட்டுவதற்குப் பெரிய அட்டை ஒன்று. பிள்ளைக்கு என்ன விருப்பம், என்ன திறமை என்று கேட்டுப் புள்ளி போடும் தாள்கள் ஒரு கட்டு. நூலகத்தின் மூலையில் அலுமாரியால் மறைத்து மேசை போட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து முன்னால் உட்காருவார்கள். தாதியாகலாம், கணக்காளராகலாம், வங்கிக்குப் போகலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போவேன். முன்னால் இருப்பவளுக்கு உம்மா இருக்கிறாரா, இரவில் எங்கே படுக்கிறாள் என்று கேட்க அந்தத் தாளில் இடம் இல்லை. நானும் கேட்டதில்லை.

அவள் என் வகுப்புப் பிள்ளை. பெயர் வேண்டாம். அவளுடைய வாப்பா கரைவலை இழுக்கிறவர். கடல் பொங்கி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வலைக்குப் போனவரின் ஜனாஸா கூட அடக்கக் கிடைக்கவில்லை. தங்கச்சியும் போனாள். மிஞ்சியது உம்மாவும் இவளும்தான். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. இரண்டு பேரும் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தார்கள். பகலில் அதற்குள் கால் வைக்க முடியாது, அப்படி ஒரு வெக்கை. அதற்குள் இருந்துதான் அவள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தாள். புத்தகம் எல்லாம் கடலோடு போய்விட்டதால் கணக்கீட்டுக் கொப்பியைக் கூட இரவல் வாங்கித்தான் பார்த்து எழுதினாள். முடிவு வந்தபோது பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை கீழே நின்றாள். அடுத்த தடவை எழுதினால் கட்டாயம் போய்விடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படிப்பித்தவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அப்போது கல்முனையில் திரும்பிய பக்கமெல்லாம் தொண்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைதான். என்.ஜீ.ஓ.வில் வேலை என்றால் அரசாங்க உத்தியோகத்தை விட மவுசு. அப்படி ஒரு நிறுவனம் பெண்களைக் கள உத்தியோகத்தர்களாகக் கேட்டு விளம்பரம் ஒட்டியிருந்தது. உயர்தரம் வரை படித்திருந்தால் போதும். அந்த விளம்பரத்தின் பிரதியையும் தன் பெறுபேற்றுத் தாளையும் எடுத்துக்கொண்டு அவள் என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், திருப்பி எழுதட்டா, இதுக்குப் போகட்டா?"

மறுபடி எழுதத்தான் அவளுக்கு ஆசை. பெறுபேற்றுத் தாளை மேலேயும் விளம்பரத்தைக் கீழேயும் பிடித்திருந்தாள். அதைப் பார்த்தே நான் விளங்கியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வழமை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். ஆகவே பெண்பிள்ளைக்கு என்று ஒரு வீடு வேண்டும். வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். வாப்பாமார் பெண் குழந்தை பிறந்த நாளிலிருந்து கல்லும் மண்ணும் சேர்ப்பதற்குக் காரணம் இதுதான். இவளுக்கு வாப்பாவும் இல்லை, வீடும் இல்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பெரிய அறிவாளி மாதிரி அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"படிப்பு எங்கயும் ஓடாது மகள். வேலதான் ஓடிடும். ரெண்டு வருசம் இதச் செஞ்சி வீட்டக் கட்டு. மறுகா படிக்கலாம்தானே."

விளம்பரத்தை எடுத்து மேலே வைத்தாள். பிறகு, "உங்களுக்குத் தெரியும்தானே டீச்சர்" என்றாள்.

அன்றைக்கே விண்ணப்பத்தை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அவளுடைய எழுத்து அச்சுப் போல இருக்கும். அப்படியிருந்தும் மூன்று தடவை திருப்பி எழுத வைத்தேன். ஒரு ஆளின் படிப்பை முதலில் போட வேண்டும், அதுவும் கூடிய படிப்பை மேலே போட வேண்டும் என்று செயலமர்வில் சொல்லித் தந்ததை அவளுக்கும் சொன்னேன். பின்னால் என் சிபாரிசுக் கடிதத்தையும் வைத்தேன். ஒரு கிழமைக்குள், ஏழாம் நாளே, வேலை கிடைத்தது.

இங்கே ஒன்றை மறைத்துவிட்டு மேலே போக எனக்கு மனம் இடம் தரவில்லை. என் மகளும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். அவள் இரவல் வாங்கிய கொப்பி என் மகளுடையதுதான். என் மகளுக்கு அவளை விடக் குறைந்த புள்ளி. அதே கிழமை என் மகளும் அதே விளம்பரத்தைக் கொண்டுவந்து, கூட்டாளி போகிறாள், நானும் போகட்டுமா என்று கேட்டாள். அதைப் பறித்துக் கிழித்துப் போட்டேன். "வேலையாம் வேல. பேசாம இரிந்து படி" என்று ஏசினேன். அடுத்த நாளே ரியூஷனுக்குச் சேர்த்துவிட்டேன். மறு வருடம் அவள் பல்கலைக்கழகம் போனாள். ஒரே கிழமையில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகச் சொன்னது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஒருத்திக்கு உம்மாவாகக் கதைத்தேன், மற்றவளுக்கு உத்தியோகம் பார்த்தேன். நான் கெட்டவள் இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். சொல்லி என்ன பிரயோசனம்?

முதல் இரண்டு வருடமும் அவளைப் பார்க்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போவாள். கூட்டம் நடத்துவாள், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவாள். வீடு இருந்த பழைய வளவில் அத்திவாரம் போட்டு, சுவர் எழும்பியது. என் மேசைக்கு வரும் பிள்ளைகளுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டினேன். அப்படி எத்தனை பேரை அனுப்பினேன் என்று இப்போது நினைக்கவே பயமாக இருக்கிறது. வழியில் கண்டால், பரீட்சை எழுதவில்லையா என்று கேட்பேன். முதல் வருடம், "வேல கூட டீச்சர், வாற வருசம் இன்ஷா அல்லாஹ்" என்றாள். அதற்குப் பிறகு கேட்டால் சிரிப்பாள். பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்தது. கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்களும் நம்பினோம். ஆனால் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் எல்லாம் வன்னிப் பக்கம் திரும்பின. அங்கே இருந்த சனத்தின் நிலைக்கு அது நியாயம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. திட்டம் முடிந்தது, உங்கள் சேவைக்கு நன்றி என்று அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவள் ஏறி இறங்காத இடம் இல்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்விதான், பட்டம் இருக்கா? அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

இரண்டு வருடம் அப்படி அலைந்த பிறகு ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு எழும்புகிறேன், கேற்றடியில் சலாம் கேட்டது. அவளும் உம்மாவும். உம்மா கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மடியில் அவளுடைய கோப்பு இருந்தது. நிறுவனம் தந்த சான்றிதழ்கள் எல்லாம் லெமினேட் பண்ணி அடுக்கிய கோப்பு அது. தலைமைத்துவப் பயிற்சி, உளவளத்துணைப் பயிற்சி, கணினிப் பயிற்சி, இன்னும் என்னென்னவோ. இன்னொரு நேர்முகப் பரீட்சைக்கு விண்ணப்பம் எழுத வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பழைய பதவிக்குணம் எழும்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

"என்ன மகள், இந்த முற எந்த ஒபிஸ்?"

அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் படிவம்.

"நான் வேணாண்டுதான் சொன்னன் டீச்சர்" என்றார் உம்மா. "வீடு கூரையில்லாம நிக்கிது. ரெண்டு மாரி நனைஞ்சி போச்சி. அதப் பாத்துப் பாத்து இவள் நித்திர கொள்றாள் இல்ல."

ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிய பிள்ளைக்கு இந்தப் படிவத்தை நிரப்ப நான் எதற்கு? எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என்ட கையால எழுதக்கூடாதாம் டீச்சர். எழுத்தப் பாத்தா படிச்ச புள்ள எண்டு தெரிஞ்சிடுமாம். படிச்சவங்கள வீட்டு வேலைக்கு எடுக்க விருப்பமில்லயாம், கேள்வி கேப்பாங்களாம். வேற ஆளக்கொண்டு நிரப்பிட்டு கையொப்பம் மட்டும் நீ வை எண்டு ஏஜென்சியில சொன்னாங்க. ஊருக்குள்ள வேற ஆருக்கும் இதக் காட்ட வெக்கமா இரிக்கி."

போகாதே என்றேன். நான் யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். திரும்பவும் பரீட்சை எழுது, நான் சும்மா படிப்பித்துத் தருகிறேன் என்று கூடச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"அதெல்லாம் மறந்து போச்சி டீச்சர். நிரப்பித் தாங்க."

நிரப்பினேன். பெயர், வயது, உயரம், நிறை. சமைக்கத் தெரியுமா, குழந்தை பராமரிக்கத் தெரியுமா, அயன் பிடித்து உடுப்பு அழுத்தத் தெரியுமா. எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கல்வித் தகைமை என்ற இடம் வந்தது. என் கை நின்றது. உயர்தரத்தில் அவள் எடுத்த பெறுபேறு எனக்கு மனப்பாடம். அந்தக் கோப்பு ஒரு முழத்துக்கு அப்பால், உம்மாவின் மடியில் இருக்கிறது.

"எட்டாம் வகுப்பு எண்டு போடுங்க" என்றாள்.

போட்டேன். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு, உயர்தரம் எல்லாவற்றையும் நானே ஒரு வரியில் இல்லாமல் ஆக்கினேன். அவளை அத்தனை வருடம் படிப்பித்த நான்.

கையொப்பம் வைக்கக் குனிந்தாள். பேனையை விரல்களால் பிடிக்காமல் கைக்குள் இறுக்கிப் பிடித்தாள். தமிழில் தன் பெயரை எழுத்துக் கூட்டி, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, கோணல்மாணலாக எழுதினாள். கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு எழுதினாள். வீட்டில் இருந்து பழகிப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள். அச்சுப் போல எழுதிய அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று நினைத்து, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகும்போது கேட்டாள், "அவ எப்பிடி இரிக்கா டீச்சர்? வேல கிடைச்சிட்டா?"

என் மகளைத்தான் கேட்கிறாள். மகளுக்கு அதற்கு முந்திய மாதம்தான் பட்டதாரி நியமனம் கிடைத்திருந்தது. என் வாயிலிருந்து "ஓம்" என்ற ஒரு சொல்தான் வந்தது. நீளமான வாய் என்று சொன்னேனே, அன்றைக்கு அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். நான் சலாம் சொன்னண்டு சொல்லுங்க" என்றாள். குத்திக்காட்டவில்லை. மனதாரத்தான் சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் எனக்கு ஒரு ஆறுதலாவது கிடைத்திருக்கும்.

அவள் முன்னால் போக, உம்மா கேற்றடியில் நின்று திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்டாத்தானே டீச்சர் சோதின எழுதின" என்றார். அவ்வளவுதான். பதிலுக்கு நிற்காமல் கோப்பை அணைத்துக்கொண்டு நடந்தார்.

அந்த மாதமே அவள் போய்விட்டாள். அவள் அனுப்பிய காசில் கூரை போட்டார்கள், நிலத்துக்கு மாபிள் கல்லும் பதித்தார்கள். ஒரு தடவை வந்தாள், மறுபடி போனாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். வீடு இருக்கிறது. பெண் கேட்டு வருகிற வயது போய்விட்டது. உம்மா தனியாக அந்த வீட்டைக் கூட்டித் துடைத்துப் பூட்டி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் நான் சுற்றிக்கொண்டு மற்றப் பாதையால் போகிறேன்.

வழிகாட்டல் பதவியை விட்டுவிடுகிறேன் என்று அதிபரிடம் போய்ச் சொன்னேன். பயிற்சி எடுத்த வேறு ஆள் இல்லை என்று அவர் விடவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் அதே மேசையில் இருந்தேன். புள்ளி போடும் தாளை எடுக்க முதல், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பிள்ளை என்ன செய்யட்டும் என்று கேட்டால், இவள் என் மகளாக இருந்தால் என்ன சொல்வேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொண்டேன். சிலருக்கு அது உதவியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்ட ஒரு பிள்ளை, எங்கேயோ ஒரு வீட்டில், எட்டாம் வகுப்புப் படித்தவளாக இன்றைக்கும் உடுப்பு அழுத்திக்கொண்டிருக்கிறாள்.