பிரெஞ்சுப் படத்துக்குக் கதை சொன்ன ஏட்டையா

கிருபாநிதி செத்து மண்ணோடு மண்ணாகிவிட்டான். ஆனாலும் 'அவர்' என்று எழுத எனக்குக் கை வராது. அவன் செய்த காரியம் அப்படி.

என் அக்கா ஹில்டாவின் புருஷன் ஜேசுபாதம், தூத்துக்குடியில் ஏட்டையாவாக இருந்தார். கிருபாநிதியும் அதே ஸ்டேஷனில் ஏட்டு. சப்-இன்ஸ்பெக்டர் வேலை ஒன்று காலியாக, இருவருக்கும் முட்டிக்கொண்டது. யுத்தம் முடிகிற சமயம், கொழும்புத் தோணியில் பிடித்த முத்துப் பொட்டலத்தில் பெரிய முத்து ஒன்றைக் காணவில்லை. ஸ்டேஷனில் எல்லோரையும் சோதனை போட்டார்கள். அது அத்தானின் சட்டைப் பையில் இருந்தது.

வேலை போயிற்று. கிருபாநிதி சப்-இன்ஸ்பெக்டர் ஆனான். அத்தானுக்கு முத்துத் திருடன் என்று பெயர். "நான் தொடக்கூட இல்லல. என் பைக்குள்ள எப்பிடிலே வந்துது?" என்று என்னிடமே கேட்பார். கிருபாநிதியின் வேலைதான் என்று எங்களுக்குத் தெரியும். எப்படிச் செய்தான் என்று தெரியாமல் யாரிடம் போய்ச் சொல்ல? அக்கா மாதா கோயிலில் முழங்காலிட்டால், பக்கத்தில் இருப்பவள் தன் சங்கிலியை முந்தானைக்குள் தள்ளிக்கொள்வாள். வயிறு எரியுமா, எரியாதா?

சுதந்திரம் வந்த மறு வருஷம், டூரிங் கொட்டகை ஆறுமுகநயினார் அண்ணாச்சி புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுப் படத்தை மலிவாகப் பிடித்து வந்தார். பாஷை ஒருத்தருக்கும் புரியாது. ஊமைப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஆள் நின்று கதை சொல்வது உண்டு. அந்த வேலைக்கு அத்தானைக் கூப்பிட்டார்.

"எனக்கு பிரெஞ்சு தெரியாதே அண்ணாச்சி."

"பாக்க வாரவனுக்கு மட்டும் தெரியுமாக்கும்? அடிச்சு விடும்வே!"

ஒரு தடவை முன்னாலேயே ஓட்டிக் காட்டச் சொன்னதற்கும் அண்ணாச்சி மசியவில்லை. படம் எப்படி முடியும் என்றே தெரியாமல் அத்தான் மேடையேறினார்.

படமா அது! ஒரே பதவிக்கு மல்லுக்கட்டும் இரண்டு போலீஸ் அதிகாரிகள். துப்பாக்கியை எடுப்பார்கள், சுட மாட்டார்கள். காபி குடிப்பார்கள், மறுபடியும் காபி குடிப்பார்கள். தரை டிக்கெட்டில் விசில் கிளம்பியது. அப்போதுதான் கிருபாநிதி பெண்டாட்டியோடு ஓசியில் வந்து முன் நாற்காலியில் சாய்ந்தான்.

அத்தானின் தொண்டை திறந்துகொண்டது.

"இந்தா நிக்கான் பாருங்க மீசைக்காரன்! தாடையைச் சொறிஞ்சுக்கிட்டுதான் பொய் சொல்லுவான். தோணிக்காரன்கிட்ட கருவாடு ஓசி, கடைக்காரன்கிட்ட வெத்தலை ஓசி, பொண்டாட்டியோட பாக்க படமும் ஓசி!"

கொட்டகையே குலுங்கியது. எல்லோரும் முன் நாற்காலியைத்தான் பார்த்தார்கள். எழுந்து போனால் தன்னைத்தான் சொல்கிறான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கிருபாநிதி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

கடைசியில் அந்தப் பாழாய்ப்போன படம் காலை வாரியது. மீசைக்காரனுக்கே பதவி கிடைத்தது. இருவரும் சிரித்தபடி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இதுக்காடா இத்தனை நேரம் மணலில் உட்கார்ந்திருந்தோம்!

கிருபாநிதி வாய்விட்டுச் சிரித்தான். "என்னவே ஜேசுபாதம், கட்டிப்பிடிச்சிட்டானுவளே! இப்ப என்ன கதை சொல்லப்போறீரு?"

 அத்தான் திரையையே பார்த்தார்.  மறு நிமிஷம் கத்தினார்.

"பாருங்க, நல்லாப் பாருங்க! ஒரு கை முதுகைத் தட்டுது. மத்தக் கை எங்க இருக்கு? சட்டைப் பைக்குள்ள முத்தைப் போடுது! ஏலே கிருபாநிதி, சோதனை போட்ட அன்னைக்கு ஈஸ்டர். கோயில் வாசல்ல 'பகையெல்லாம் போதும்வே'ன்னு சொல்லி என்னை இப்பிடித்தாம்ல கட்டிப்பிடிச்ச! அதுவரைக்கும் நீ என்னைத் தொட்டது உண்டாலே?"

"பொய்!" என்றான் கிருபாநிதி, தாடையைச் சொறிந்துகொண்டே.

அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவன் பெண்டாட்டி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தனியாக வெளியே நடந்தாள்.

அத்தானுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் கிருபாநிதி மகள் கல்யாணத்துக்கு நான் அழைப்பில்லாமலே போய்ப் பந்தல் ஓரம் நின்றேன். சம்பந்தியைத் தழுவ அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். அந்த மனிதர் நாலு பேர் பார்க்கப் பின்னால் நகர்ந்து, தம் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.