என் தலை வளர்ந்த கதை

எனக்குத் தலைக்கனம் ஜாஸ்தி என்று என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்தாள். ஐம்பத்தாறாவது வயதில் படம் எடுத்து அதை உறுதி செய்தார்கள்.

அப்போது நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. நெல்லிக்குப்பம், குமராட்சி என்று மோட்டார் சைக்கிளில் அலைந்து பாலிசி பிடிப்பேன். செத்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்று கரும்பு விவசாயிகளுக்கு விளக்குவதே பிழைப்பாக இருந்ததால், சாவு என்பது பிறத்தியாருக்கு வருவது என்ற எண்ணம் எனக்கு ஊறிப்போயிருந்தது.

2009 வாக்கில் வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க ஆரம்பித்தது. நடந்தால் வலிப்பது நியாயம். இது படுத்திருந்தாலும் வலித்தது. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சுட்டது. போதாததற்குக் கால் முன்பக்கமாக வளையத் தொடங்கியது. முதலில் பார்த்த டாக்டர் வாதம் என்றார். அவர் தந்த மாத்திரைகள் வலியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தன.

இரண்டாவது டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“ஒன்னுக்கு சரியா போவுதா?” என்றார்.

“கால்தான் சார் வலிக்குது.”

“தெரியுது. புராஸ்டேட்ல புத்து இருந்தா எலும்புக்குப் பரவும். பாத்துடலாம்.” கையுறையை மாட்டிக்கொண்டார். கால்வலி என்று போனவனை அவர் எங்கே சோதித்தார் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இரத்தப் பரிசோதனை முடிவு வரச் சில நாளானது. என் மனைவி திடீரென்று என்னை ‘சாப்பிடுங்க’ என்று கெஞ்ச ஆரம்பித்தாள். அதுதான் புற்றுநோயைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. ஊருக்கெல்லாம் பாலிசி போட்ட எனக்கு என் பேரில் ஒன்றுகூட இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

முடிவு நல்லபடியாக வந்தது. “புத்து இல்ல. ஆனா இது என்ன எலும்புன்னு எனக்குப் புரியல. சிதம்பரத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, போய்ப் பாருங்க” என்று அந்த டாக்டர் நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

மனைவியும் அவள் தம்பியும் துணைக்கு வந்தார்கள். என் மச்சானுக்கு ஆஸ்பத்திரி என்றால் திருவிழா மாதிரி.

டாக்டரம்மா சின்ன வயசு. காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன். அவர் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காது எப்பலேர்ந்து மந்தம் சார்?”

“என்னது?”

“அடப்பாவமே! நான் பேசறத மட்டுந்தான் காதுல வாங்கமாட்டாருன்னு நெனச்சேன் டாக்டர்” என்றாள் மனைவி.

“தொப்பி, ஹெல்மெட் எதுனா டைட் ஆச்சா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹெல்மெட் ஒரு வருஷமாகவே தலையில் இறங்கவில்லை. செய்தவனைத் திட்டிவிட்டு அதை மச்சானுக்குக் கொடுத்திருந்தேன். டாக்டரம்மா என் லைசென்சில் இருந்த பழைய போட்டோவை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். போட்டோவில் இருந்தவனுக்கு நெற்றி கம்மி.

“எலும்பு பழசைக் கரைச்சுட்டுப் புதுசைக் கட்டிக்கிட்டே இருக்கும் சார். உங்களுக்குச் சில எடத்துல அந்த வேலை தறிகெட்டு நடக்குது. மண்டையில நடந்தா காதும் மந்தமாகும். அவசரமா கட்றதால பெருசா வருது, ஆனா பலம் இருக்காது.”

“காண்ட்ராக்டர் போட்ட ரோடு மாதிரியா?” என்றான் மச்சான்.

“அதேதான். பேஜெட் வியாதின்னு பேரு.”

“பேஜரா? அதான் வழக்கொழிஞ்சு போச்சே டாக்டர்!” என்றான் அவன்.

எலும்பு கட்டும் வேகத்தைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் இரத்தத்தில் எக்கச்சக்கமாக இருந்தது. எலும்பு எங்கெல்லாம் கெட்டிருக்கிறது என்று பார்க்க சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். மண்டையும் வலது காலும் மட்டும் மை கொட்டியதுபோல் கறுத்துத் தெரிந்தன. இன்று ஒருநாள் கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கம் போகாதீர்கள் என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. “மாமா ஒடம்புல கதிர்வீச்சு இருக்குது, கொஞ்சம் தள்ளியே இருங்க” என்று மச்சான் சத்தமாகச் சொன்னான். இரண்டு பேர் சீட் முழுசாகக் காலியானது. கடலூர் வரை அவன்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான்.

வைத்தியம் இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சில வாரம் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் தாடை சரியாக ஆறாது என்று சொத்தைப் பல்லை முன்கூட்டியே பிடுங்கச் சொன்னார்கள். பிறகு எலும்பின் அவசரத்தை அடக்கும் மருந்து, கையில் ஊசி குத்தி ஒரே ஒரு பாட்டில் டிரிப்ஸ், ஒரு காபி ஆறும் நேரத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் காய்ச்சல் தூக்கித்தூக்கிப் போட்டது. மனைவி பதறிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். “நாந்தான் முன்னாடியே சொன்னேனே, பாரசிட்டமால் குடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த மாதத்தில் ஒருநாள் பால் வாங்கிக்கொண்டு நடந்து வரும்போதுதான் கவனித்தேன், வலி இல்லை. தெருவிலேயே நின்று காலை உதறிப் பார்த்தேன். அழுகை வந்தது. பால்காரர் பார்த்துவிடப் போகிறார் என்று அதையும் சுருக்கமாக முடித்துக்கொண்டேன். ஆனால் வளைந்த கால் நிமிரவில்லை, தலை சுருங்கவில்லை, காதும் திரும்பவில்லை. “கெட்டது கெட்டதுதான் சார். மேல கெடாம பாத்துக்கலாம்” என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார்.

மறுவருஷம் டாக்டரம்மா, மருத்துவ மாணவர்களுக்குப் பரீட்சை, நோயாளியாக வந்து படுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பெருமையாகப் போனேன். என் வியாதியைக் கண்டுபிடிக்க வந்த பையன் காலைத் தடவித் தடவிப் பார்த்தான். பரீட்சை வைப்பவர் திரும்பியதும் குனிந்து ஏதோ முணுமுணுத்தான்.

“என்னது?” என்றேன்.

மறுபடி முணுமுணுத்தான்.

“சத்தமா சொல்லு தம்பி!”

“என்ன வியாதின்னு சொல்லிடுங்க ஐயா!” வார்டே திரும்பிப் பார்த்தது. பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு என் காதைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான், காலைப் பார்த்தான். முகம் மெல்ல மலர்ந்தது. விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தான்.

அவன் தேறினானா என்று தெரியாது. எனக்கு மத்தியானம் பிரியாணி வாங்கித் தந்தார்கள்.